பஞ்சடைப்பிலிருந்து திரவ நைட்ரஜன் வரை

1907-இல் தாவர நோயியலாளர் யோஹன்னா வெஸ்டர்டைக் ஒரு பூஞ்சைத் தொகுப்பின் பொறுப்பை ஏற்றபோது, ஆம்ஸ்டர்டாமில் அவர் கைக்கு வந்த பூஞ்சை வளர்ப்புகள் ஏறத்தாழ 80. இன்று உட்ரெக்ட் நகரில் அவர் பெயரைத் தாங்கிய நிறுவனத்தில் ஒரு லட்சத்துக்கும் மேல். அவற்றைக் கலப்படமின்றிக் காக்கும் முறை மாறியதுதான் எனக்கு அதைவிடப் பெரிய செய்தி.

அன்று பூஞ்சையை உயிரோடு வைத்திருக்க, சில மாதங்களுக்கு ஒருமுறை புதிய அகார் குழாய்க்கு மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஊசியைச் சுடரில் பழுக்கக் காய்ச்சி, பஞ்சடைப்பை உருவி, குழாயின் வாயையும் தீயில் காட்டி, துளி இழையை எடுத்து வைத்து மூட வேண்டும். சில நொடி வேலைதான். அதற்குள் காற்றில் மிதக்கும் ஒரு பெனிசிலியம் வித்து விழுந்தால் போதும். காப்பாற்றத் திறக்க வேண்டும், திறந்தாலே ஆபத்து.

காற்றைவிடக் கொடியது மைட் என்னும் நுண் உண்ணி. பஞ்சுக்குள் புகுந்து குழாய் விட்டுக் குழாய் போகும், பூஞ்சையைத் தின்னும், உடலெல்லாம் வித்துகளைச் சுமக்கும். அது நடந்த தட்டைச் சில நாள் கழித்துப் பார்த்தால், போன வழியெல்லாம் வேற்றுப் பூஞ்சை புள்ளி புள்ளியாக முளைத்திருக்கும். 1946-இல் ஸ்னைடர், ஹான்சன் என்ற ஆய்வாளர்கள் இதற்கு ஒரு வழி சொன்னார்கள். காப்பர் சல்பேட் கலந்த ஜெலட்டினால் குழாயின் வாயில் சிகரெட் தாளை ஒட்டிவிடுவது. காற்று போகும், மைட் போகாது. என்ன அருமையான யோசனை!

இன்று லாமினார் காற்றோட்ட மேசையின் ஹெப்பா வடிகட்டி, 0.3 மைக்ரான் துகள்களில் 99.97 சதவீதத்தைத் தடுக்கிறது. அதைவிட முக்கியம், அடிக்கடி திறக்கும் தேவையே போய்விட்டது. உறைய வைத்து உலர்த்தி ஆம்பூலில் அடைக்கிறார்கள். அல்லது திரவ நைட்ரஜனில், மைனஸ் 196 டிகிரியில் வைக்கிறார்கள். உள்ளே இருப்பது பழைய பூஞ்சைதானா என்பதை டி.என்.ஏ.வின் ஐ.டி.எஸ். பகுதி சொல்கிறது. பெனிசிலியம், ஃபியூசேரியம் போன்றவற்றின் நெருங்கிய இனங்களைப் பிரிக்க அது மட்டும் போதாது. வேறு மரபணுக்களையும் படிக்க வேண்டும்.

திரவ நைட்ரஜன் எல்லாக் கல்லூரிக்கும் எட்டாது. ஆனால் 1939-இல் காஸ்டெல்லானி என்ற ஆய்வாளர் காட்டிய வழிக்குச் செலவே இல்லை. கிருமி நீக்கிய காய்ச்சி வடித்த நீரில் பூஞ்சைத் துண்டுகளைப் போட்டு மூடினால், பல வகைகள் ஆண்டுக்கணக்கில் உயிரோடிருக்கும். மாணவர்களே, புதிய பூஞ்சையைத் தூயதாகப் பிரித்தெடுத்த அன்றே இப்படி இரண்டு குப்பிகள் போட்டு வையுங்கள்.