நிகழ்காலத்தில் நிற்கும் நாளை

கிருலப்பனைச் சந்தியில் 138ஆம் இலக்கப் பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் எழுதுவினைஞர் ஒருவர், காலையில் வீட்டாரிடம் "போய்விட்டு வாறன்" என்று சொல்லியே புறப்பட்டிருப்பார். அவர் திரும்பி வருவது மாலையில், சொல்லோ நிகழ்காலம். தமிழுக்கு இது புதிதன்று. எதிர்காலச் செயலை, இயற்கையும் தெளிவும் பற்றி, இறந்தகாலத்தாலும் நிகழ்காலத்தாலும் சொல்லலாம் என்று தொல்காப்பியரே விதி வகுத்திருக்கிறார். எறும்பு முட்டையோடு மேட்டில் ஏறினால், பெய்யப்போகும் மழையைப் பெய்ததாகவே கூறும் வழக்கினை உரையாசிரியர்கள் எடுத்துக்காட்டுவர்.

அதே எழுதுவினைஞர் அலுவலகத்தில் ஆங்கிலம் பேசும்போது மட்டும், எதிர்காலம் என்றவுடன் 'வில்' என்னும் சொல்லைத் தேடுகிறார். பள்ளிக்கூட வாய்பாடு தந்த பழக்கம் அது. உண்மையில் ஆங்கில வினைக்கு எதிர்காலம் காட்டும் விகுதியே இல்லை. பழைய ஆங்கிலத்தில் நிகழ்கால வடிவமே எதிர்காலத்துக்கும் உதவியது. 'வில்' என்பது விருப்பத்தைக் குறித்த வினையாயிருந்து, பின்னர் துணைவினையாயிற்று.

புகையிரத நேரசூசியைப்பற்றிப் பேசுகையில் 'த ட்ரெயின் லீவ்ஸ் அட் சிக்ஸ் டுமாறோ' என்பார்கள். வண்டி புறப்படுவது பயணியின் விருப்பத்தைப் பொறுத்ததன்று. ஆதலால் சாதாரண நிகழ்காலம் போதும்.

சங்கடம் விளைவது தொடர்நிகழ்காலத்திலேதான். 'ஐ ஆம் லீவிங் நெக்ஸ்ட் மந்த்' என்று அவர் மேலதிகாரியிடம் சொன்னால், வேறிடத்தில் உத்தியோகம் உறுதியாயிற்று, நாளும் குறித்தாயிற்று என்பதே பொருள். விலகலாமோ என்று யோசிப்பவர் அப்படிச் சொல்லிவிட்டால், அவருடைய நாற்காலிக்கு மறுநாளே ஆள் தேடத் தொடங்கிவிடுவார்கள். அவர் சொல்லவேண்டியது 'ஐ மே லீவ்' என்பதே.

மனிதர் ஏற்பாடு செய்ய முடியாத காரியத்துக்கு இவ்வடிவம் பொருந்தாது. 'இட் இஸ் றெயினிங் டுமாறோ' என்று ஆங்கிலேயர் சொல்லார். எறும்பைக் கண்டு மழையை முடிவுசெய்யும் தமிழ்த் துணிவு அங்கே செல்லாது.

ஆனால் நிபந்தனை வாக்கியத்தில் மழைக்கும் நிகழ்காலமே வரும். 'இஃப் இட் றெயின்ஸ், ஐ வில் ஸ்டே'. 'இஃப் இட் வில் றெயின்' என்று எழுதி ஆசிரியரின் சிவப்பு மையைப் பெறாத மாணவர் அரியர். 'வில்' தலைமை வாக்கியத்தில் ஒருமுறை வந்தால் போதும். தமிழோ இதில் இன்னும் ஒருபடி பின்னே செல்கிறது: 'மழை பெய்தால்' என்பதில் நிற்கும் தகரம் இறந்தகால இடைநிலை.