செயின் பிளாக் 1 டன் தாங்கும். வீட்டுக் கூரை தாங்குமா?

கோல சிலாங்கூர், புக்கிட் ரோத்தான், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா பக்கத் தோட்ட வீடுகளில், வாசலிலேயே கார் பழுது பார்ப்பது புதிதல்ல. இஞ்சினைத் தூக்கும் நேரம் வந்ததும் எல்லார் கண்ணும் மேலே போகும். "கட்டை இருக்குல்ல, செயின் பிளாக் மாட்டினா போதும்லா!"

போதுமா? செயின் பிளாக்கில் இருக்கும் '1 டன்' என்ற எழுத்து அந்தக் கருவியின் பலம். உங்கள் கூரையின் பலம் அல்ல.

டிரஸ் எப்படி வேலை செய்கிறது?

மரக் கூரையைத் தாங்கும் முக்கோணச் சட்டம்தான் டிரஸ். கூரையின் எடையால் சாய்வான இரு கட்டைகளும் வெளிப்பக்கம் விலகப் பார்க்கும். அடிக்கட்டை அவற்றைக் கயிறு மாதிரி இழுத்துப் பிடிக்கிறது. அதன் நடுவில் இஞ்சினைத் தொங்கவிட்டால், கட்டை வளையத் தொடங்கும். அந்த எடை கட்டை முழுதும் பரவியிருப்பதைவிட, நடுவில் ஒரே இடத்தில் தொங்கினால் வளைக்கும் விசை இரண்டு மடங்கு.

நான்கு சிலிண்டர் கார் இஞ்சின் சுமார் 100 கிலோ இருக்கும். செயின் பிளாக் இல்லாமல், ஒற்றைக் கப்பியில் கயிறு போட்டுக் கீழே நின்று இழுத்தால் இன்னும் மோசம். இஞ்சின் 100 கிலோ, நீங்கள் இழுப்பது இன்னொரு 100 கிலோ. கூரைக்கு 200 கிலோ!

பழைய வீடுகளில் கட்டை உடைவதற்கு முன்பே, துருப்பிடித்த ஆணியோ கரையான் அரித்த இணைப்போ விட்டுவிடலாம்.

வலுப்படுத்த முடியுமா?

முடியும். ஆனால் இன்னொரு கட்டையை ஆணியடித்தால் மட்டும் போதாது.

• கட்டைகள் ஒன்றுசேரும் இணைப்புக்குக் கீழேதான் எடை தொங்க வேண்டும்.
• குறுக்கே ஓர் உத்திரம் போட்டு, எடையை இரண்டு, மூன்று டிரஸ்களுக்குப் பகிர வேண்டும்.
• அடிக்கட்டையின் இருபுறமும் பலகை சேர்த்து, இணைப்புகளை இரும்புத் தகடு, போல்ட் கொண்டு இறுக்க வேண்டும்.
• டிரஸ் பக்கவாட்டில் சாயாதபடி கட்டை கொடுக்க வேண்டும்.

எந்த அளவு என்பதைப் பொறியாளர்தான் கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டும்.

இதைவிட நல்ல வழி?

கூரையைத் தொடாதீர்கள். இரு பக்கமும் தரையில் ஊன்றிய கால்கள், மேலே ஓர் இரும்பு உத்திரம் என்று தனிச் சட்டம் அமையுங்கள். சக்கரம் வைத்த இஞ்சின் கிரேன் கிடைத்தால் இன்னும் சுலபம். எடை நேராகத் தரைக்குப் போய்விடும்.

வீடு தோட்ட நிர்வாகத்துடையது என்றால், முதலில் அனுமதி கேளுங்கள். ஒர்க்‌ஷாப்பாக நடத்தினால், 1994 வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தையும் மறக்க வேண்டாம். அதன் திருத்தம் 2024 ஜூன் 1 முதல் நடப்பில் இருக்கிறது.

எதில் தொங்கவிட்டாலும், இஞ்சினுக்குக் கீழே தலையோ கையோ போகக் கூடாது. மரம் 'கிரீச்'னு சத்தம் போட்டால், உடனே இறக்கிவிடுங்கள்.