மண்ணும் தீயும் – 9: விதைக் கலயம் பூச்சாடியான கதை

ஜப்பானின் ஷிகா மாநிலத்தில் உள்ள மலையூர் ஷிகராக்கி. ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் கண்ணில் படுவது வயிறு பெருத்த ஒரு விலங்கு பொம்மை. 'தனுகி' என்பார்கள்; நாய் இனத்துக் காட்டு விலங்கு. நாட்டார் கதைகளில் அது நினைத்த உருவம் எடுத்து ஆளை ஏய்க்கும். தேநீர்க் கெண்டியாக மாறிவிட்டு, அடுப்பில் ஏற்றியதும் சூடு பொறுக்காமல் கால் முளைத்துத் துள்ளிய தனுகியின் கதை அங்கே குழந்தைகளுக்கும் தெரியும். 1951இல் பேரரசர் ஹிரோஹிதோ வந்தபோது தனுகி பொம்மைகளிடம் கொடி கொடுத்து, சாலையோரம் வரிசையாக நிறுத்தினார்கள். ஊரின் பெயர் நாடெங்கும் பரவியது.

எனக்கென்னவோ, இந்த ஊரில் நிஜமாகவே உருமாறியது ஒரு சின்னக் கலயம்தான். 'உசுகுமாரு' என்று பெயர். முழங்காலைக் கட்டிக்கொண்டு குந்தியிருக்கும் ஆளின் சாயல். குடியானவர்கள் விதை போட்டு வைத்த கலயம் அது. தேநீர்ச் சடங்கு ஆசான்கள் கண்ணில் பட்டது, பூச்சாடியாகிவிட்டது.

அதைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும். தோளைச் சுற்றி, ஈரமண்ணில் குச்சியால் கீறிய வேலிப்படல் கோலம். கோடுகள் நேராக இருக்காது. உடம்பெல்லாம் வெள்ளை வெள்ளையாகக் கல் துருத்திக்கொண்டிருக்கும். பழைய பீவா ஏரியின் அடியில் படிந்த மண் அது. சலிக்காமல் பிசைவதால் அதிலுள்ள வெண்கல் துணுக்குகள் சூட்டில் பாதி உருகி வெளியே தலைகாட்டுகின்றன.

மெருகு எதுவும் பூசுவதில்லை. மலைச்சரிவில் சுரங்கம்போல அமைந்த 'அனகாமா' சூளையில் பைன் விறகை இரவு பகலாக, நாள்கணக்கில் போட்டுக்கொண்டே இருப்பார்கள். வெப்பம் 1200 டிகிரியைத் தாண்டும். பறக்கும் சாம்பல் கலயத்தின் மேல் படிந்து, உருகி, பச்சைக் கண்ணாடியாக வழியும். தீயைப் பார்த்த பக்கம் இப்படி. மறுபக்கம் செம்மண் நிறம். தணலில் புதைந்த அடிப்பாகம் தீய்ந்து கறுத்துப்போகும். வேறு ஊர்ச் சூளையில் இதையெல்லாம் கழிவு என்று ஒதுக்கியிருப்பார்கள். ஷிகராக்கியில் விலையே அதற்குத்தான்.

இந்த அழகைப் புரிந்துகொண்டதாகப் பாவனை செய்பவர்கள் அன்றைக்கே இருந்தார்கள். 15ஆம் நூற்றாண்டுத் தேநீர் ஆசான் முராதா ஜுகோ தம் சீடருக்கு எழுதிய கடிதத்தில், கற்றுக்குட்டிகள் பிசென், ஷிகராக்கி பாண்டங்களை வைத்துக்கொண்டு முதிர்ந்த ரசிகர்களைப்போல நடந்துகொள்வதைக் கண்டிக்கிறார். இன்றைய கலைக்கூடங்களுக்கும் அந்தக் கடிதத்தை அனுப்பலாம்.

இப்படி விறகுச் சூளையில் சுட்ட, மெருகிடாத சாடி உங்கள் கைக்கு வந்தால், பூ வைக்கும் முன் சிறிது நேரம் தண்ணீரில் ஊறவிடுங்கள். நனைந்தால்தான் நிறம் எடுப்பாகத் தெரியும். அடியில் கொஞ்சம் கசியவும் கூடும். மர மேசை என்றால் ஒரு தட்டை வைத்துவிடுங்கள்.

(தொடரும்)