காசு கொடுத்துக் கேட்கிற விளம்பரம்

காலை எட்டேகால். தாம்பரம் - பீச் லோக்கல். பல்லாவரத்தில் தொற்றிக்கொண்டு, ஒற்றைக் காலில் நின்றபடி இயர்போனைக் காதில் செருகினேன். முந்தின நாள்தான் ஓர் ஆன்லைன் ரேடியோவுக்கு மாதச் சந்தா 99 ரூபாய் கட்டியிருந்தேன். 'இனி விளம்பரத் தொல்லையே இல்லை' என்று கற்பூரம் அடிக்காத குறையாகச் சத்தியம் செய்திருந்தார்கள்.

பேய்க்கதை நிகழ்ச்சி. ஹீரோ பாழடைந்த பங்களாவின் கதவைத் தள்ளுகிறான். க்ரீச்... இருட்டு. உள்ளே யாரோ மூச்சு விடுகிற சத்தம்...

"உங்க வீட்டு டாய்லெட் பளபளன்னு இருக்கணுமா?"

பேய்க்கே தூக்கிவாரிப் போட்டிருக்கும்!

ஏதோ தவறு என்று நினைத்து மதியம் கஸ்டமர் கேருக்குப் போன் போட்டேன்.

"சார், உங்க பிளான்ல பாட்டுக்கு நடுவுலதான் விளம்பரம் வராது. நீங்க கேட்டது பேச்சு நிகழ்ச்சி."

"அதை யாரும் சொல்லவே இல்லையேம்மா?"

"கண்டிஷன்ஸ்ல இருக்கு சார்."

இருந்தது. பதினேழாவது பாராவில், கொசு முட்டை சைஸ் எழுத்தில்.

பி.காம். படித்த புத்தி சும்மா இருக்குமா? மறுநாள் வாட்சைப் பார்த்துக் கணக்கெடுத்தேன். 50 நிமிஷ நிகழ்ச்சியில் எட்டரை நிமிஷம் விளம்பரம். மாதம் 22 வேலை நாள் என்றால் 187 நிமிஷம். அதாவது 99 ரூபாயும் கொடுத்து, மூன்று மணி நேரத்துக்கு மேல் காதையும் வாடகைக்கு விட்டிருக்கிறேன். அதிலும் ஒரு விளம்பரம், 'சந்தா கட்டுங்கள், நிம்மதியாகக் கேளுங்கள்' என்று என்னிடமே சொல்கிறது. கல்யாணமானவனுக்கு வரன் பார்க்கிற கதை!

இது நம்மூர்த் தலையெழுத்து மட்டுமில்லை. அமெரிக்காவில் 2001-ல் எக்ஸ்.எம்., அடுத்த வருஷம் சிரியஸ் என்று சாட்டிலைட் ரேடியோக்கள் வந்தன. 2008-ல் இரண்டும் ஒன்றாகிவிட்டன. அங்கேயும் பாட்டுச் சேனல்களில் விளம்பரம் கிடையாது. பேச்சு, செய்தி, விளையாட்டு என்றால் உண்டு. காரில் போகிறவர்கள் சந்தாவும் கட்டிக்கொண்டு புலம்பிக்கொண்டும் இருக்கிறார்கள்.

நம் தாத்தாக்கள் அதற்கும் முன்னோடிகள். ரேடியோ வைத்திருந்தால் தபாலாபீஸில் லைசென்ஸ் கட்டியாக வேண்டிய காலம் அது. 1957-ல் ஆரம்பித்த விவித்பாரதியில் 1967-ல் விளம்பரம் நுழைந்தது. லைசென்ஸ் ஒழிந்ததோ 1980-களில். நடுவே இருந்த வருஷங்களில் லைசென்ஸுக்கும் பணம் கட்டி, பல்பொடி விளம்பரத்தையும் கேட்டிருக்கிறார்கள். என்ன, அந்தப் பாட்டுகளை மனப்பாடம் செய்து வீட்டில் பாடினார்கள். டாய்லெட் கிளீனரை யார் பாடுவது?

சரி, காசு வாங்கினவன் ஏன் இப்படிச் செய்கிறான்? ஒரு காரணம், பேச்சு நிகழ்ச்சிகள் பலவற்றை வேறு யாரோ தயாரிக்கிறார்கள். தொகுப்பாளரே நடுவில் விளம்பரத்தைப் படித்து, அப்படியே பதிவு செய்து அனுப்பிவிடுகிறார். ரேடியோ கம்பெனி அதை வெட்டி எடுக்க முடியாது, அல்லது மனசில்லை. இன்னொரு காரணம்தான் விவகாரமானது. ஓசியில் கேட்கிறவனைவிடச் சந்தா கட்டுகிறவன் விளம்பரக்காரருக்கு உசத்தி. இவனிடம் காசு இருக்கிறது, செலவழிக்கவும் செய்கிறான் என்று நாமே 99 ரூபாய் கட்டி நிரூபித்துவிட்டோமே!

விளம்பரத்தை நம்பாமல் பிழைக்க முடியாதா? முயன்று பார்த்தார்கள். வேர்ல்ட்ஸ்பேஸ் ஞாபகம் இருக்கிறதா? 2000-ல் ஆசியாவுக்கென்றே ஒரு செயற்கைக்கோளை அனுப்பினார்கள். தனி ரேடியோ வாங்கி, ஆன்டெனாவை வானம் பார்க்க வைத்து, சந்தாவும் கட்ட வேண்டும். பாட்டு துல்லியமாக வரும். ஏ.ஆர்.ரஹ்மான்தான் விளம்பரத் தூதர். (விளம்பரத்தை நம்பாத ரேடியோவுக்கும் விளம்பரம் தேவைப்பட்டது பாருங்கள்.) 2008-ல் தாய்க் கம்பெனி அமெரிக்காவில் திவால் மனு கொடுத்தது. 2009 டிசம்பர் 31-ஓடு இந்தியாவில் மூச்சு நின்றுவிட்டது. சந்தாவை நம்பியவர் கதி இது என்பதால், கம்பெனிக்காரர் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது என்று ஒப்புக்கொள்கிறேன்.

"பத்திரிகையும்தான் காசு வாங்கிக்கொண்டு விளம்பரம் போடுகிறது" என்பீர்கள். எடிட்டர் இந்த வரியை வெட்டாமல் இருந்தால் பதில் சொல்கிறேன். இதில் பிடிக்காத பக்கத்தைப் புரட்டிவிடலாம். ரயிலில் ஒரு கை கம்பியில், இன்னொரு கை டிபன் பாக்ஸ் பையில். போனை எந்தக் கையால் தள்ளுவது?

டி.வி.க்காவது மணிக்கு 12 நிமிஷம்தான் விளம்பரம் என்று கேபிள் விதிகளில் எழுதி வைத்திருக்கிறார்கள். எத்தனை சேனல் மதிக்கிறது என்பது வேறு விஷயம். இவர்கள், காசு வாங்குகிற இடத்திலேயே 'பாட்டுக்கு இல்லை, பேச்சுக்கு உண்டு, மணிக்கு இத்தனை நிமிஷம்' என்று கொட்டை எழுத்தில் போட்டால் போதும். கட்டுவதா வேண்டாமா என்று நாம் முடிவு பண்ணிக்கொள்கிறோம்.

சந்தாவை ரத்து செய்யப் போனேன். "நிஜமாகவா?" என்று மூன்று தடவை கேட்டது. நாலாவது தடவை, "உங்களுக்காக மட்டும் 49 ரூபாய்" என்றது. அட, கறிகாய்க்காரம்மாகூட இவ்வளவு சீக்கிரம் இறங்க மாட்டாளே! மனசைக் கல்லாக்கி ரத்து செய்தேன்.

இப்போது பழைய பட்டன் போனில் ஆகாசவாணி எஃப்.எம். கேட்கிறேன். நேற்று கிண்டி தாண்டுவதற்குள் மூன்று விளம்பரம். ஓசிதானே... கோபமே வரவில்லை. உட்கார இடமும் கிடைத்ததில் சுகமாகத் தூங்கிப்போய், கோட்டையில் இறங்க வேண்டியவன் பீச் வரைக்கும் போய்விட்டேன்.