மணவாள நகரில் எங்கே கை நனைப்பது?

திருவள்ளூரில் முதன்முதலில் வெளியில் சாப்பிட்டவர் பெருமாள்தான். தலபுராணத்தை அப்படியும் படிக்கலாம். சாலிஹோத்திர முனிவர் வருடம் முழுக்கப் பட்டினி கிடந்து தவம் செய்துவிட்டு, மாவு இடித்து, அதிதிக்கு ஒரு பங்கு எடுத்துவைத்துக் காத்திருந்தார். கிழவர் வேடத்தில் வந்த பெருமாள் அந்தப் பங்கைச் சாப்பிட்டார். போதவில்லை என்று முனிவரின் பங்கையும் வாங்கிச் சாப்பிட்டார். உண்ட களைப்புக்குப் படுக்க இடமும் கேட்டார். வீரராகவப் பெருமாள் இன்றைக்கும் அங்கே படுத்த கோலத்தில்தான் இருக்கிறார்.

அவருக்குப் பிறகு இந்த ஊரில் காசு கொடுத்துச் சாப்பிட்டவர்களும் வெகுகாலம் வெளியூர்க்காரர்களாகத்தான் இருந்தார்கள். அமாவாசைக்கு முந்தின இரவே பஸ்ஸிலும் ரயிலிலும் வந்து கோயிலைச் சுற்றிப் படுத்துக் கிடப்பவர்கள், விடிந்ததும் குளத்தில் முழுகி, வெல்லத்தைக் கரைத்து, பெருமாளைப் பார்த்துவிட்டுப் பசியோடு தெருவுக்கு வருவார்கள். அவர்களுக்காக இருந்தவைதான் தேரடிப் பக்கத்து இட்லிக் கடைகள். 1856-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா வரை போட்ட, தென்னிந்தியாவின் முதல் ரயில்பாதை இந்த ஊர் வழியாகப் போனது. ரயிலில் இறங்குபவர்கள், கோர்ட்டுக்கு வருபவர்கள், நெல்லும் வேர்க்கடலையும் விற்க வந்தவர்கள் என்று இன்னொரு கூட்டம் சேர்ந்தது. அவர்களுக்குக் கிளப்புக் கடை. காலையில் இட்லி, பொங்கல், வடை. மதியம் அளவுச் சாப்பாடு. உள்ளூர் ஆள் ஒருவர் அங்கே உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால், "என்ன, வீட்ல அடுப்பு எரியலையா?" என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்த பேச்சு.

ரயில் நிலையத்துக்குத் தெற்கே, ஸ்ரீபெரும்புதூர் சாலையில் இருக்கும் மணவாள நகருக்கு அந்தக் கிளப்புக் கடையும் கிடையாது. வெங்கத்தூர் ஊராட்சிக்குள் வளர்ந்த குடியிருப்பு இது. கோயில் கூட்டம் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கமே நின்றுவிடும். இந்தப் பக்கத்தில் இருந்தது ஆயா கடை.

ஆயா கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. வீட்டுத் திண்ணையோ, வாசலில் இறக்கிய கீற்றுக் கொட்டகையோதான் கடை. துணி விரித்த தட்டில் வெந்த இட்லி, பக்கத்தில் தண்ணீராக ஓடும் தேங்காய்ச் சட்னி, காரச் சட்னி. கடலைப்பருப்பில் செய்யும் வடகறி எல்லா நாளும் இருக்காது. தட்டைக் கையில் வாங்கிக்கொண்டு சுவரோரம் குத்துக்காலிட்டுச் சாப்பிட வேண்டும். கணக்கு ஆயாவின் தலையில் இருக்கும், சம்பளத்தன்று தீர்த்துக்கொள்ளலாம். எட்டரை, ஒன்பது மணிக்கு மேல் போனால் கழுவிக் கவிழ்த்த பாத்திரங்களைத்தான் பார்க்கலாம். பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலைக்கும் ஆவடிக்கும் அம்பத்தூருக்கும் மின்சார ரயில் பிடிக்க ஓடியவர்கள் இங்கே ஒரு வாய் போட்டுக்கொண்டு போவார்கள். மதியத்துக்கு வீட்டிலிருந்து டிபன் பாக்ஸ். வெயில் ஏறியதும் கேழ்வரகுக் கூழ்ப் பானை வரும். கூழுக்குக் கடித்துக்கொள்ள மோர் மிளகாய், மாங்காய், வறுத்த கருவாடு. இந்த வட்டாரத்தில் காலைச் சாப்பாட்டை நாஸ்டா என்பார்கள், டிபன் என்பது கொஞ்சம் பணக்காரச் சொல்.

தொழிற்சாலை வந்தால் ஓட்டல் வரும் என்று நினைப்போம். இங்கே அப்படி நடக்கவில்லை. ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1971-ல் மண் அள்ளும் இயந்திரங்கள் செய்யத் திருவள்ளூரில் ஆலை தொடங்கியது. 1998-ல் அதே நிறுவனத்தின் கார் ஆலையிலிருந்து மிட்சுபிஷி லான்சர் கார்கள் வந்தன. மண் அள்ளும் இயந்திரப் பிரிவு பிறகு கேட்டர்பில்லர் கைக்குப் போனது. கார் ஆலையில் இப்போது சிட்ரோயன் வண்டிகள் தயாராகின்றன. இத்தனை பேர் வேலை செய்தும் வாசலில் சொல்லிக்கொள்ளும்படி ஒரு சாப்பாட்டுக் கடை வளரவில்லை. அதற்குக் காரணம் ஒரு சட்டப் பிரிவு. 2025 வரை அமலில் இருந்த 1948-ம் வருடத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 46-வது பிரிவுப்படி, 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் கேண்டீன் வைக்கச் சொல்லி அரசு விதி போட முடிந்தது. தமிழ்நாட்டு விதிகளோ அங்கே லாபம் வைத்து விற்கக் கூடாது என்றன. மதிலுக்குள் மலிவாகச் சூடான சோறு கிடைக்கும்போது யார் வெளியே வருவார்கள்? "கம்பெனி கேண்டீன்ல சாப்பிடுறான்" என்பது பெண் பார்க்கும் இடத்தில் மாப்பிள்ளையின் தகுதிகளில் ஒன்றாகச் சொல்லப்பட்டது. நிரந்தர வேலை என்பதற்கு அது இன்னொரு பெயர்.

கேண்டீன் இல்லாத சின்னப் பட்டறைகள்தான் கடைகளை வளர்த்தன. காக்களூர் சிட்கோ தொழிற்பேட்டையில் பல யூனிட்டுகளில் ஆட்கள் குறைவு. சட்டம் அவர்களைக் கண்டுகொள்வதில்லை. அவர்களுக்காக டீக்கடை மெஸ் ஆனது. 1997-ல் செங்கல்பட்டு மாவட்டத்தைப் பிரித்துத் திருவள்ளூரைத் தலைநகராக்கியதும், திங்கட்கிழமைதோறும் மனுவோடு வருபவர்கள் சேர்ந்துகொண்டார்கள். ஊத்துக்கோட்டை, பள்ளிப்பட்டு, கும்மிடிப்பூண்டியிலிருந்து இரண்டு பஸ் மாறி வருபவருக்கு மதியச் சாப்பாடு இங்கேதான். 2022-ல் மருத்துவக் கல்லூரியும் வந்துவிட்டது. நோயாளியோடு வருபவர்கள் இட்லிப் பார்சலும் பிரட்டும் வாங்குகிறார்கள்.

இன்று மாலை ஆறு மணிக்கு மணவாள நகரில் நின்று பாருங்கள். கம்பெனி பஸ்கள் ஆட்களை இறக்கிவிட்டுப் போகும். சாலையோரம் வரிசையாக ஃபாஸ்ட் ஃபுட் வண்டிகள்; சிக்கன் ரைஸுக்கு வாணலியைத் தட்டும் சத்தம் பஸ் ஹார்னைத் தாண்டிக் கேட்கும். சிவப்புத் துணி கட்டிய டேக்சாவில் பிரியாணி. கால், அரை என்று அளந்து தருவார்கள். கம்பியில் சுழலும் கோழி, ஷவர்மா, மந்தி, பானிபூரி. 'ஃபேமிலி ரூம்' என்று எழுதிய கண்ணாடிக் கதவு. அமாவாசைக்குக் கறி தொடாத வீட்டுப் பிள்ளைகள் மறுநாள் அந்தக் கதவைத் திறப்பார்கள்.

ருசி ஏறியதா, இறங்கியதா என்று சண்டை போடுவதில் எனக்கு ஆர்வமில்லை. அஜினமோட்டோவைத் திட்டிக்கொண்டே சாப்பிடுகிறவர்கள்தான் நாம் எல்லோரும். எனக்குப் பெரிய மாற்றமாகத் தெரிவது வேறு. ஆயா கடையில் சமைத்தவர், பரிமாறியவர், கழுவியவர் எல்லோரும் பெண்கள், சாப்பிட்டவர்கள் ஆண்கள். பெண்கள் வாங்கினால் தூக்கில் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். இன்று ஷிஃப்ட் முடித்து இறங்கும் பெண்கள் நாலு பேராக நின்று பேசிச் சிரித்துக்கொண்டு சாப்பிடுகிறார்கள். கணவன் ஒரு ஷிஃப்ட், மனைவி ஒரு ஷிஃப்ட் என்று இருக்கும் வீட்டில் மாவு ஆட்டவில்லையே என்று யாரும் கேட்பதில்லை. அடுப்பு எரியலையா என்ற கேள்வி செத்துப்போனது நல்லதே.

ஆனால் எல்லாப் பெண்களுக்கும் அந்தச் சுதந்திரம் இல்லை. வெளி மாவட்டங்களிலிருந்து வந்து கம்பெனி விடுதிகளில் தங்குகிறவர்கள் கொடுத்ததைத்தான் சாப்பிட வேண்டும். 2021 டிசம்பரில், ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலையில் வேலை செய்த பெண்கள், பூந்தமல்லிப் பக்கத்து விடுதிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் 150 பேருக்கு மேல் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். தோழிகள் பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்தார்கள். ஆலையே சில வாரம் மூடிக்கிடந்தது. ஐபோன் செய்யும் இடத்தை நிறுத்தியது ஒரு வேளைச் சோறு.

இதே மாவட்டத்துக் கும்மிடிப்பூண்டியின் கதை கொஞ்சம் வேறு. அது கொல்கத்தா நெடுஞ்சாலை ஊர். லாரிக்காரர்களுக்கான தாபாக்களும், பப்பு, கோங்குரா, பருப்புப்பொடி நெய் என்று இலையை நிறைக்கும் ஆந்திரா மீல்ஸும் அங்கே புதுசல்ல. ஆரம்பாக்கத்தைத் தாண்டினால் பலகையே தெலுங்குதான். சிப்காட்டின் இரும்பு உருக்காலைகளும் ரசாயன ஆலைகளும் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் ஆட்களைக் கொண்டுவந்த பிறகு மளிகைக் கடைகளில் கடுகெண்ணெயும் 'சத்து' என்ற வறுகடலை மாவும் ஏறின. நம் கடைக்காரர்களும் 'ஆலு, பியாஜ்' என்று கூவக் கற்றுக்கொண்டார்கள். இந்தத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் அறையிலேயே சேர்ந்து சமைத்துக்கொள்கிறார்கள். காசு மிச்சம் பிடித்து ஊருக்கு அனுப்ப வந்தவர்கள் ஓட்டலுக்கு ஏன் போகப் போகிறார்கள்? ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மட்டும் சமோசா, ஜிலேபி, முட்டை ரோல் வண்டிகளைச் சுற்றிக் கூட்டம் நிற்கும். 2020 மே மாதத்தில் இதே நெடுஞ்சாலையில் அவர்கள் மூட்டையோடு வடக்கே நடந்து போனார்கள். புளிச்சோற்றுப் பொட்டலத்தோடு வழியில் நின்றவர்களும் இதே ஊர்க்காரர்கள்தான். பெத்திக்குப்பத்தில் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. அங்கே வீடுகளில் வேகும் புட்டும் சொதியும் இன்னும் நெடுஞ்சாலை ஓட்டல்களின் மெனுவில் ஏறவில்லை. சென்னைக்காரர்கள் பர்மாவிலிருந்து திரும்பியவர்களின் அத்தோவைத் தெருவுக்குத் தெரு தங்கள் தின்பண்டமாக்கிக்கொண்டார்கள். சொதி அந்த இடத்துக்கு வராதது ஏன் என்பது எனக்குத் தீராத ஆதங்கம்.

இதைவிடப் பெரிய ஆதங்கம் மீன். இந்த மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில் பழவேற்காடு. இந்தியாவின் உப்பங்கழிகளில் சிலிகாவுக்கு அடுத்துப் பெரியது இதுதான். மேற்கே பூண்டி ஏரி, 1944-ல் கட்டியது. ஆனால் மணவாள நகரில் எந்த மீன் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தாலும் முதலில் கேட்பது "வஞ்சிரம் போடட்டுமா?" பழவேற்காட்டு மடவையும் கழி இறாலும் நண்டும் காலை ஏலத்திலேயே ஐஸ் பெட்டிக்குள் போய்விடுகின்றன, பெரிய நண்டுகள் கால் கட்டப்பட்டு உயிரோடு ஏற்றுமதிக்குப் போகின்றன. ஓட்டல்காரரைக் குறை சொல்லவும் முடியாது. அவருக்குத் தினமும் ஒரே தடிமனில் துண்டு வேண்டும், ஒரே விலை வேண்டும். கழியில் இன்று கிடைப்பது நாளை கிடைக்காது. முள் மீனை ஆய்ந்து சாப்பிடப் பொறுமை இல்லாத வாடிக்கையாளரும் ஒரு காரணம். பூண்டி ஏரிக்குப் போனால் கரையோரக் கடையில் மிளகாய் தடவிப் பொரித்த மீன் கிடைக்கும், அவ்வளவுதான். கூழின் நிலை இதைவிடப் பரவாயில்லை. ஆயா கடைகள் குறைந்தாலும் கூழ் வண்டி கோடைக்குத் திரும்ப வருகிறது. சர்க்கரை நோய்க்குப் பயந்த பேன்ட் சட்டைக்காரர்கள் வரிசையில் நிற்கிறார்கள். இலைகூடத் திரும்பி வந்தது: 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் தாளுக்குத் தடை என்றதும் பல கடைகள் பார்சலுக்கு வாழையிலையைத் தேடின. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சில கடைகளில் பழைய தாள் எட்டிப்பார்ப்பதும் தெரிகிறது.

எங்கே சாப்பிடலாம் என்று கேட்பவருக்கு என் பதில் இது. இங்கே காலைச் சாப்பாட்டை நம்பலாம். இரவுச் சாப்பாடு உங்கள் வயிற்றின் தைரியத்தைப் பொறுத்தது. எட்டு மணிக்குள் எழுந்து, ஸ்டேஷனுக்குத் தெற்கே, பலகை இல்லாத கடையாகப் பார்த்து உட்காருங்கள். வடகறி இருந்தால் விடாதீர்கள். அமாவாசையன்று தேரடிப் பக்கம் பத்து மணிக்குமேல் போகாதீர்கள், இட்லி ஆறியிருக்கும். பிரியாணிக் கடைக்குப் போவதானால் மதியம் டேக்சா திறக்கும் நேரத்துக்குப் போங்கள். மீன் சாப்பாட்டுக் கடைக்குப் போனால் வஞ்சிரம் என்று சொல்லிவிடாமல், "மடவை இருக்குதாண்ணா?" என்று ஒரு தடவை கேட்டுவையுங்கள். இல்லை என்றுதான் சொல்வார். அடுத்த முறை போகும்போதும் கேளுங்கள்.