மைன்கிராஃப்ட்: மரகதம் வேண்டுமா? மலை ஏறுங்கள்!

ரத்தினக் கல் என்றாலே ஆழமாகத் தோண்ட வேண்டும் என்று நினைக்கிறீர்களா? மைன்கிராஃப்ட் கேமில் வைரத்துக்கு இது சரி. ஆனால் எமரால்டு எனப்படும் மரகதத்துக்கு இது நேர் எதிர். நான் சாஃப்ட்வேர் எஞ்சினியர். விடுமுறை நாட்களில் இந்தக் கேம்தான் எனக்குப் பொழுதுபோக்கு. இந்தக் கல் ஏன் பலர் கண்ணில் படுவதில்லை என்று பார்ப்போம்.

மரகதத் தாது மலைப் பகுதிகளில் மட்டுமே உருவாகும். சமவெளி, பாலைவனம், காடு ஆகியவற்றின் அடியில் எவ்வளவு தோண்டினாலும் கிடைக்காது. நிலக்கரி, இரும்பு போலக் கொத்தாகவும் இருக்காது. பெரும்பாலும் ஒற்றைக் கட்டிதான்.

அடுத்தது உயரம். ஜாவா எடிஷனில் எஃப்3 கீயை அழுத்துங்கள். சில லேப்டாப்களில் எஃப்என் கீயையும் சேர்த்து அழுத்த வேண்டும். திரையில் தெரியும் மூன்று எண்களில் நடுவில் உள்ள ஒய் என்பதே உயரம். உலகின் அடிமட்டம் -64, உச்சவரம்பு 320. மரகதம் -16-க்கு மேல் தொடங்கி, உயரம் கூடக் கூட அதிகரிக்கும். 232-ஐ ஒட்டிய உயரத்தில் வாய்ப்பு மிக அதிகம். எனவே மலையின் உயரமான பகுதியில், பாறை தடிமனாக உள்ள இடத்தில் குறுக்காகச் சுரங்கம் வெட்டுங்கள்.

2012-ல் இந்தத் தாது அறிமுகமானபோது நிலைமை வேறு. அப்போது ஒய் 32-க்குக் கீழேதான் இருந்தது. 2021 நவம்பரில் வந்த 1.18 வெர்ஷன்தான் இதைத் தலைகீழாக மாற்றியது. பழைய குறிப்புகளைப் படித்துவிட்டுத் தோண்டுபவர்கள் ஏமாறுவது இதனால்தான்.

இன்னொரு முக்கிய விஷயம். இந்த உலகம் 16க்கு 16 கட்டிகள் கொண்ட சங்க் என்னும் துண்டுகளாக உருவாகிறது. ஒரு பகுதியை நீங்கள் முதன்முதலில் நெருங்கும்போதே, எங்கே எந்தத் தாது என்பது முடிவாகி ஃபைலில் பதிவாகிவிடும். பிறகு கேமை அப்டேட் செய்தாலும், பழைய மலையின் உச்சியில் புதிதாக மரகதம் முளைக்காது. ஆகவே பல வருடங்களாகச் சேமித்து வைத்த உலகில் விளையாடுகிறீர்கள் என்றால், இதுவரை கால் வைக்காத திசையில் புது மலையைத் தேடுங்கள்.

வெட்டுவதற்கு இரும்பு அல்லது அதைவிடச் சிறந்த பிக்ஆக்ஸ் அவசியம். கல் பிக்ஆக்ஸில் தாது உடையும், ஆனால் கையில் எதுவும் கிடைக்காது! ஃபார்ச்சூன் 3 மந்திரம் ஏற்றிய பிக்ஆக்ஸ் என்றால் ஒரே தாதுவில் 4 மரகதம் வரை கிடைக்கலாம். பனிமலையில் தோல் காலணி அணிந்து செல்லுங்கள். இல்லையெனில் பவுடர் ஸ்னோவுக்குள் புதைந்து உறைந்துபோவீர்கள்.

இத்தனை சிரமம் தேவையா? மரகதம்தான் கிராமவாசிகளிடம் செல்லும் நாணயம். நூலகரிடம் மந்திரப் புத்தகம் வாங்க அது வேண்டும். அதேசமயம், விவசாயியிடம் 20 கோதுமை கொடுத்தால் 1 மரகதம் தருவார். எனவே முதல் சில கற்களுக்கு மலை ஏறுங்கள். பிறகு வயல் போடுங்கள். பை தானாக நிரம்பும்!