துறைமுகத்துக்கு ஒரே வாசல்

கப்பலில் வந்த சரக்கு கரையிறங்கிய பின்னும் கிடங்கிலேயே நாட்கணக்கில் தேங்கிக் கிடப்பதற்குப் பல சமயங்களில் காரணமாக அமைவது, பாரந்தூக்கிகளின் குறைவோ பாதைகளின் பழுதோ அன்று. சுங்க இலாகா, பயிர்ப் பாதுகாப்பு, சுகாதாரம், வங்கி, காப்புறுதி என்று ஒவ்வொரு காரியாலயமும் தனக்கென ஒரு படிவமும் ஒரு முத்திரையும் வைத்துக்கொண்டு, ஒரே விவரத்தை வியாபாரியிடம் திரும்பத் திரும்ப எழுதி வாங்குவதேயாம். இந்தச் சிரமத்துக்குப் பரிகாரமாக வந்ததே ஒற்றைச் சாளர முறை. வியாபாரி தன் விவரங்களை ஒரே இடத்தில் ஒரே தடவை கொடுத்துவிட, அவற்றை உரிய இலாகாக்களுக்குப் பகிர்ந்தளித்து, அனுமதிகளைத் திரட்டித் தருவது அம்முறையின் கடமை. ஐக்கிய நாடுகளின் வர்த்தக எளிமைக்கான அமைப்பு 2005-ஆம் ஆண்டில் இதற்கு இலக்கணம் வகுத்தது; 2017 பிப்ரவரியில் அமலுக்கு வந்த உலக வர்த்தக ஸ்தாபனத்தின் ஒப்பந்தமும் அங்கத்தினர் நாடுகளை இவ்வழியில் முயலச் சொல்கிறது.

முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் நாடுகளில் இதற்குச் சிறந்த உதாரணம், மேற்கு ஆப்பிரிக்காவின் செனெகல். அதன் தலைநகரான டாக்கரின் துறைமுகம் அந்நாட்டுக்கு மட்டுமன்றி, கடற்கரையே இல்லாத அண்டை நாடான மாலிக்கும் முக்கியமான வாயில்களுள் ஒன்று. ஆகையால் அங்கே நேரும் தாமதம் இரு தேசங்களின் சந்தைகளையும் பாதிக்கும். செனெகல் சுங்க இலாகா 1990-லேயே ‘கைந்தே’ என்ற கணினி முறையை ஏற்படுத்திக்கொண்டது. ஆயினும், சுங்கத்தின் முன் வருவதற்குள் சேகரிக்க வேண்டிய சான்றுகளுக்காக வியாபாரியும் அவனுடைய ஏஜெண்டும் காரியாலயம் காரியாலயமாக அலைவது நிற்கவில்லை. ஓர் இலாகா மட்டும் கணினிமயமாவதால் பிரயோஜனம் பூரணமாகாது என்பதை அனுபவம் உணர்த்தவே, வங்கிகளையும் காப்புறுதிக் கம்பெனிகளையும் அனுமதி வழங்கும் இலாகாக்களையும் ஒன்றாகப் பிணைக்கும் ‘ஓர்பஸ்’ 2004-ல் தொடங்கப்பட்டது. முன்பு ஏறக்குறைய 4 நாட்கள் பிடித்த முன்னனுமதிப் பத்திரங்களின் சேகரிப்பு, அதன் பயனாக அரை நாளில் முடியலாயிற்று.

இங்கே ஊன்றிக் கவனிக்க வேண்டியது சட்டத்தின் இடம். விண்ணப்பம் மின்வழியே பறந்தாலும், கையொப்பமிட்ட காகிதமே செல்லும் என்ற நிலை இருக்கும்வரை, அச்சிட்டு எடுத்துச் செல்லும் வேலை ஒழிவதில்லை. மின்னணுப் பத்திரத்துக்கும் கையொப்பத்துக்கும் சட்ட அந்தஸ்து அளிக்கும் சட்டத்தை செனெகல் 2008-ல் இயற்றிய பிறகே, காகிதமில்லாத வர்த்தகத்துக்கு உறுதியான அஸ்திவாரம் கிடைத்தது.

ஒவ்வொரு நாடும் தன் சூழ்நிலைக்கேற்பத் தன் வழியை வகுத்துக்கொண்டது. டுனீசியா 2000-ல் இதற்கெனவே ‘டுனீசி டிரேட்நெட்’ என்ற கம்பெனியை நிறுவியது. அஜர்பைஜான், 2009 முதல் எல்லைச் சாவடிகளில் சுங்க இலாகாவையே ஒற்றை அதிகாரியாக்கியது. இந்தோனேசியாவும் மலேசியாவும் இன்னும் ஒரு படி சென்று, தங்கள் சாளரங்களைச் சிங்கப்பூர், தாய்லாந்து, வியட்நாம் ஆகியவற்றின் சாளரங்களோடு இணைத்து, பொருள் எந்த நாட்டில் உற்பத்தியானது என்பதற்கான சான்றிதழை 2018 ஜனவரி முதல் மின்வழியே பரிமாறத் தொடங்கின.

இவற்றையெல்லாம் சேர்த்து நோக்கும்போது, ஒற்றைச் சாளரத்தை இயக்குவது யந்திரமன்று, இலாகாக்களுக்கிடையே உள்ள இசைவே என்பது தெளிவாகிறது. தன் படிவமே பெரிது, தன் முத்திரையே இறுதி என்று ஒவ்வோர் அதிகாரியும் எண்ணியிருக்கும் இடத்தில் எவ்வளவு உயர்ந்த கணினியை நிறுவினாலும், பழைய வரிசைகள் புதிய திரையில் தோன்றுமேயன்றி மறையமாட்டா. பெரிய நிறுவனம் ஆள் வைத்துக் காரியத்தை முடித்துக்கொள்ளும். சிறு வியாபாரிக்கோ ஒவ்வொரு நாள் தாமதமும் முதலையே அரிக்கும் செலவு. அவனுடைய காலத்தையும் பொருளையும் மதிப்பது தன் கடமை என்று சர்க்கார் உளப்பூர்வமாக ஏற்று, இலாகாக்கள் தங்கள் அதிகாரத்தில் ஒரு பகுதியைப் பொதுநன்மைக்காக விட்டுக்கொடுக்கும் தேசத்தில்தான் இச்சீர்திருத்தம் பலனளிக்கும்.